பகைவர் எடுத்த நடுகல்: அந்தமான் செல்லுலார் சிறை பற்றியதொரு திறனாய்வு

1. முன்னுரை

போர்க்களத்து வீழ்ந்தானுக்குக் கல் நட்டு வழிபடும் பழந்தமிழர் மரபினைத் தொல்காப்பியர் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என ஆறு நிலைகளாகப் பகுத்துப் புறத்திணையியலுள் கூறினார். இவ்வாறனுள் முதல் ஐந்தும் பெரும்பான்மையும் கல்லையும் அதற்குரிய சடங்கையும் சார்ந்தன. இறுதியில் நிற்கும் வாழ்த்து ஒன்றே சொல்லைச் சார்ந்தது. கல்லைத் தேடிக் கண்டவரும், நீராட்டியவரும், நட்டவரும் இறந்தானுக்கு உரிமையுடையாரே. அவனை வாழ்த்தினவரும் அவரே. ஆதலின் நடுகல்லில் கல்லுக்கும் சொல்லுக்கும் இடையே முரண் எழ இடமில்லை.

இனி, கல்லை எடுத்தவன் பகைவனாகவும், அதனை வாழ்த்த வேண்டியவர் அப்பகைவனால் துன்புற்றாருடைய வழியினராகவும் அமையின், அந்நினைவுச்சின்னத்தின் இயல்பு யாதாகும்? இவ்வினாவிற்கு விடை கூறத்தக்க சின்னம் ஒன்று நம் நாட்டில் உண்டு. அஃது அந்தமான் தீவிலுள்ள செல்லுலார் சிறை. ஆங்கில அரசு தன் ஆணையை நிலைநாட்ட எழுப்பிய அக்கட்டடத்தையே, விடுதலை பெற்ற இந்தியா 1979ஆம் ஆண்டு தன் தேசிய நினைவகமாக அறிவித்தது. இங்கே கல் முன்னரே நடப்பட்டுவிட்டது. நமக்கென எஞ்சியது வாழ்த்து ஒன்றே. ஆகவே இந்நினைவகத்தின் பொருள் முழுவதும் அதனைப் பற்றி நாம் சொல்லும் சொல்லையே சார்ந்து நிற்கின்றது. சொல்லாராய்ச்சியைத் தொழிலாகக் கொண்டோர் ஒரு சிறைச்சாலையைத் திறனாய்வுக்கு எடுத்துக்கொள்ளுதல் பொருந்துமோ என ஐயுறுவார்க்கு இதுவே விடையாம்.

2. சிறையின் வரலாறு

1857ஆம் ஆண்டுப் புரட்சிக்குப் பின்னர், அதிற் கலந்துகொண்டாரைத் தாயகத்தினின்றும் அகற்ற விரும்பிய ஆங்கில அரசு 1858 மார்ச்சுத் திங்களில் அந்தமானில் தண்டனைக் குடியிருப்பு ஒன்றைத் தொடங்கிற்று. தமிழ்நாட்டு வழக்குமன்றங்களில் 'தீவாந்தர சிட்சை' எனவும், வடநாட்டில் 'காலாபாணி' எனவும் வழங்கிய தண்டனை இதுவே. கடல் கடந்தால் குலம் கெடும் என்னும் நம்பிக்கை நிலவிய காலத்தில், இத்தண்டனை உடலைப் பிரிப்பதோடு அமையாமல் ஒருவனைத் தன் சுற்றத்தினின்றும் அறவே வேரறுப்பதாயிற்று.

செல்லுலார் சிறை தோன்றுதற்கு முன்னரே இத்தீவு ஒரு பெருஞ்சிறையாக இருந்தது என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும். அரபு மொழிப் புலவராகிய பசலே ஹக் கைராபாதி 1861இல் இங்கேயே உயிர் நீத்தார். இந்தியாவின் வைசிராயாக இருந்த மேயோ பிரபுவை 1872 பிப்ரவரி 8ஆம் நாள் குத்திக்கொன்ற சேர் அலி, வைப்பர் தீவில் தூக்கிலிடப்பட்டார். 1890இல் குடியிருப்பை ஆராய்ந்த லயால், லெத்பிரிட்ஜ் ஆகிய இருவரும், தீவிற்கு வருவோரை முதலில் கடுங்காவலில் தனித்து வைத்தல் வேண்டும் எனப் பரிந்துரைத்தனர். அதன் விளைவாக 1896இல் தொடங்கிய கட்டடப்பணி 1906இல் முடிவுற்றது. கட்டடத்தை எழுப்பியவர்கள் கைதிகளே. தம்மை அடைக்கும் சுவரைத் தாமே எழுப்பும் கொடுமைக்கு இதனினும் மிக்க சான்று வேண்டுவதில்லை.

அலிப்பூர்ச் சதி வழக்கில் தண்டனை பெற்ற வங்க இளைஞர்கள் 1909இலும், வி. தா. சாவர்க்கர் 1911இலும் இங்குக் கொணரப்பட்டனர். 1921இல் அரசியற் கைதிகள் தாயகத்திற்கு மாற்றப்பட்டனராயினும், 1932இல் அம்முறை மீண்டும் தலைதூக்கிற்று. 1933 மேத் திங்களில் நிகழ்ந்த உண்ணாநோன்பில் மகாவீர் சிங், மோகன் கிசோர் நாமதாஸ், மோகித் மொய்த்ரா ஆகிய மூவர் வலிந்து உணவூட்டப்பட்டதன் விளைவாக உயிர் துறந்தனர். 1937இல் எழுந்த மற்றுமொரு உண்ணாநோன்பின் பயனாக, 1938இல் அரசியற் கைதிகள் அனைவரும் திருப்பி அனுப்பப்பட்டனர்.

1942 மார்ச்சு முதல் 1945 வரை தீவு ஜப்பானியர் கையில் இருந்தது. சிறையின் ஏழு சிறகுகளில் நான்கு, அவ்வாட்சிக் காலத்திலும் விடுதலைக்குப் பின்னருமாக இடிக்கப்பட்டன. அவ்விடத்தில் கோவிந்த வல்லப பந்த் மருத்துவமனை எழுந்தது. எஞ்சிய மூன்று சிறகுகளையும் நடுக்கோபுரத்தையும் காத்தவர், அவற்றுள் முன்பு அடைக்கப்பட்டிருந்த முதியவர்களே. தம்மை வருத்திய சுவரை இடிக்கலாகாதென அவர்களே வேண்டி நின்றனர். இதுவே பகைவன் எடுத்த கல் நடுகல்லாக மாறிய கணம். 1979 பிப்ரவரி 11ஆம் நாள் தலைமையமைச்சர் மொரார்ஜி தேசாய் அதனை நாட்டிற்கு ஒப்புவித்தமை, முன்னரே நிகழ்ந்த அம்மாற்றத்தை உறுதிசெய்ததேயாம்.

3. கட்டடம் கூறும் பொருள்

ஒரு நூலின் யாப்பு அதன் பொருளோடு இயைந்து நிற்றல்போல, இச்சிறையின் அமைப்பும் அதன் நோக்கத்தோடு முற்றும் இயைந்து நிற்கின்றது. நடுவே ஒரு கோபுரம், அதனின்றும் சக்கரத்தின் ஆரங்கள்போல விரிந்த ஏழு சிறகுகள், ஒவ்வொன்றும் மூன்றடுக்கு. ஏறத்தாழ 700 அறைகள் இருந்தும் கூடிவாழும் கூடம் ஒன்றேனும் இல்லை. அறை ஒவ்வொன்றும் ஏறத்தாழ 4.5 மீட்டர் நீளமும் 2.7 மீட்டர் அகலமும் உடையது. ஒளி வரும் சிறு சாளரம் தரையினின்றும் 3 மீட்டர் உயரத்தில் உள்ளது. தனித்தனி அறைகளால் ஆயது என்னும் பொருள்படவே 'செல்லுலார்' என்னும் பெயர் அமைந்தது.

ஈண்டு உற்றுநோக்கத்தக்கது யாதெனின், ஒரு சிறகின் முகம் அடுத்த சிறகின் முதுகையே நோக்குமாறு கட்டப்பட்டிருத்தல். எதிரே ஒரு மனித முகம் தோன்றுதற்கு இடமில்லை. இக்கட்டடம் தண்டித்தது கைகால்களை மட்டுமன்று, உரையாடலையே தண்டித்தது. பேசுவோனும் கேட்போனும் இன்றி மொழி இல்லை. மொழியைப் பறிப்பதே இக்கட்டடத்தின் உட்கிடை என்பது போதரும். கடல் மிக அணித்தே இருந்தும், அறையினுள் இருப்பானுக்கு அது தோன்றாது. இன்று மேற்றளத்தில் ஏறி நிற்கும் பார்வையாளர், முன்னர் ராஸ் தீவு என வழங்கி 2018இல் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு எனப் பெயர் பெற்ற நிலத்தையும், அதனைச் சூழ்ந்த நீலக் கடலையும் ஒருங்கே கண்டு மகிழ்கின்றனர். அக்காட்சி கீழே இருந்தவர்க்கு மறுக்கப்பட்டது என்பதை உணர்வாரே கட்டடத்தைப் படித்தவராவர்.

4. சிறையிற் பிறந்த நூல்கள்

உரையாடலைத் தண்டிக்க எழுந்த சிறை, நூல்கள் பலவற்றிற்குப் பிறப்பிடமாயிற்று. உபேந்திரநாத் பந்தியோபாத்தியாயர் வங்கமொழியில் எழுதிய 'நிர்வாசிதேர் ஆத்மகதா' 1921இலும், பாரீந்திர குமார் கோஷ் எழுதிய நாடுகடத்தப்பட்ட வரலாறு 1922இலும், சாவர்க்கர் மராத்தியில் எழுதிய 'மாஜி ஜன்மடேப்' 1927இலும் வெளிவந்தன. உல்லாஸ்கர் தத்தரும் தம் 12 ஆண்டுச் சிறை வாழ்வை எழுதினார். இவற்றுள் பாரீந்திரரின் நூல் புதுச்சேரியில் அச்சேறியது என்பதும், உள்ளங்கலங்கிய உல்லாஸ்கர் சென்னை மனநோய் மருத்துவமனைக்குக் கொணரப்பட்டார் என்பதும் தமிழ் மாணவர் அறியவேண்டுவன.

இந்நூல்களை ஒருங்குவைத்து நோக்கின், ஒரே சிறையும் ஒரே செக்கும் ஒரே அதிகாரியும் வெவ்வேறு சுவையில் வெளிப்படுதல் புலனாகும். சாவர்க்கர் நூலில் ஓங்கி நிற்பது பெருமிதம். அறையின் சுவரே ஏடாக, முள்ளும் ஆணியும் எழுத்தாணியாகக் கவிதை இயற்றியதை அவர் கூறுவர். உபேந்திரநாதர் நூலிலோ நகையே தலைசிறந்து நிற்கின்றது. துன்பத்தைச் சிரித்துக் கடக்கும் உள்ளம் அவருடையது. அவலத்தை நகையாக்குதல் அவலத்தைக் குறைத்துக் காட்டுதலாகாது. அதனை மிகுத்துக் காட்டும் வழிகளுள் அதுவும் ஒன்று. நாளொன்றுக்கு 30 பவுண்டு தேங்காயெண்ணெய் ஆட்டவேண்டும் என்னும் விதி இருவர்க்கும் ஒன்றே; அதனை ஏற்ற உள்ளங்கள் வேறு.

இச்சிறையில் மற்றோர் இலக்கிய வகையும் தோன்றியது. அஃது அரசுக்கு எழுதப்பட்ட மனு. சாவர்க்கரும் வேறு சிலரும் விடுதலையோ சலுகையோ வேண்டி மனுக்கள் விடுத்தமை வரலாறு அறிந்த செய்தி. இதனை எடுத்துக்காட்டி இகழ்வாரும், மறைத்துப் புகழ்வாரும் இன்று நம்மிடையே உளர். இருவரும் இலக்கிய வகையின் இயல்பை மறந்தவராவர். மனு என்பது அதிகாரத்தை நோக்கிப் பேசுவது. தன்வரலாறு என்பது வருங்கால வாசகரை நோக்கிப் பேசுவது. கேட்போர் வேறாகுந்தோறும் கூற்றும் வேறாகும் என்பது அகப்பொருட் கூற்றுகளைப் பயின்ற நமக்குப் புதிதன்று. இரண்டனையும் அடுத்தடுத்து வைத்துப் படிப்பின், அச்சிறை ஒரு மனிதன் மீது செலுத்திய அழுத்தம் எத்துணையது என்பது விளங்கும். ஒன்றை நீக்கிப் படிப்பின், மனிதன் மறைந்து சிலை ஒன்றே எஞ்சும்.

தமிழுக்கும் இச்சிறைக்கும் உள்ள தொடர்பு ஈண்டுச் சுருங்கக் கூறத்தகும். 1908இல் வ. உ. சிதம்பரனாருக்கு விதிக்கப்பட்டது வாழ்நாள் முழுதும் தீவாந்தரம். பின்னர் அத்தண்டனை மேல்முறையீட்டில் குறைக்கப்பட்டமையால் அவர் அந்தமானுக்குச் செல்லாது கோயம்புத்தூர், கண்ணனூர்ச் சிறைகளில் இருந்தார். எனினும் செக்கு அவரைத் தொடர்ந்தது. அவர் இழுத்த செக்கு சென்னைக் கிண்டியிலுள்ள காந்தி மண்டப வளாகத்தில் இன்றும் வைக்கப்பட்டுள்ளது. அவருடைய தன்வரலாறு செய்யுள் வடிவினது. மேற்கூறிய உரைநடை நூல்களோடு அதனை ஒப்பிட்டு ஆராய்தல் இனி நிகழவேண்டிய பணி.

5. இன்றைய நினைவகம்

இக்கட்டுரையாளர் அண்மையில் அங்குச் சென்றிருந்த காலை, முற்பகல் வேளையிலேயே பெருந்திரள் கூடியிருந்தது. போர்ட் பிளேர் என வழங்கிய நகர்க்கு 2024இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்டதாயினும், ஊர்மக்கள் நாவில் பழம்பெயரே நிலவுகின்றது. நுழைவாயிலைக் கடந்ததும் கண்காட்சிக் கூடங்களும், அணையா விளக்கும், தூக்குமேடையும், செக்குக் கொட்டகையும், மூன்று சிறகுகளும் அடுத்தடுத்துக் காட்சியளிக்கின்றன.

செக்குக் கொட்டகையில், செக்கிழுப்பாரைப் போன்று உருவங்கள் செய்து நிறுத்தப்பட்டுள்ளன. மக்கள் அவற்றின் அருகே நின்று படம் பிடித்துக்கொள்கின்றனர். கிண்டியிலுள்ள செக்கின் அருகே நெடுங்காலம் அத்தகைய உருவம் யாதுமில்லை; வெறுங்கல்லே நின்றது. இழுத்தவன் இன்மையே அங்கு இழுத்தவனை நினைவூட்டிற்று. அந்தமானில் உருவம் வந்து நின்றமையால், நாம் கற்பனையில் நிரப்பவேண்டிய இடம் நிரம்பிவிட்டது. குறிப்பாற் பொருள் உணர்த்துதல் வெளிப்படக் கூறலினும் வலிது என்னும் கொள்கை செய்யுட்கு மட்டும் உரியதன்று.

இதற்கு மாறாக, அறைகளைக் காண்மின். பெரும்பாலானவற்றில் ஒன்றும் வைக்கப்படவில்லை. கதவின் தாழ் சுவரினுள் நெடுந்தொலைவு சென்று அமைந்திருத்தலின், உள்ளிருப்பானுடைய கை அதனை எட்டாது. ஒருவர் தனியே உள்ளே சென்று சிறிது நேரம் நிற்பின், எவ்வுரையும் வேண்டாமலே அச்சுவர் பேசத் தொடங்கும். அந்நினைவகத்தின் தலைசிறந்த பகுதி இவ்வெறுமையே என்பது எம் துணிபு.

மாலையில் நிகழும் ஒலி ஒளிக் காட்சியில், வளாகத்து அரசமரம் ஒன்று கதை கூறுவதாகப் பல்லாண்டுகள் அமைத்திருந்தனர். மரத்தைச் சான்றாக்கிப் பேசவைத்தல் நம் இலக்கியத்திற்கும் இயல்பானதே. ஞாழலையும் புன்னையையும் விளித்துப் பேசும் மரபில் வந்தோர்க்கு அது நெஞ்சைத் தொடும் உத்தியேயாம். ஆயினும் ஒரு குறை உண்டு. மரம் அனைத்தையும் கண்டதாகலின் அதற்கு ஐயமில்லை; ஐயமில்லாக் கூற்றில் ஓங்கிய வீரர் சிலரே இடம்பெறுவர்; ஏனையோர் கூட்டமாகி மறைவர். நூல்களில் நாம் கண்ட நகையும் தளர்ச்சியும் முரணும் ஒரே குரலில் அடங்கிவிடுகின்றன. சிறை உரையாடலைத் தண்டித்தது என்றோம்; நினைவகமும் ஒற்றைக் குரலாகிவிடின், அத்தண்டனையை அறியாமலே நீட்டித்ததாக முடியும்.

கல்லில் எழுதிய சொல் எத்துணை ஆற்றலுடையது என்பதற்குச் சான்றும் இங்கேயே உள்ளது. சாவர்க்கரின் வாசகம் பொறித்த பலகை ஒன்று 2004இல் அகற்றப்பட்டதும், 2015இல் மீண்டும் வைக்கப்பட்டதும் நாடெங்கும் விவாதத்தை எழுப்பின. சுவரைப் பற்றி எழாத பூசல் சொல்லைப் பற்றி எழுந்தது. இந்நினைவகத்தின் உயிர் வாழ்த்தின்கண் உள்ளது என்னும் எம் கருத்திற்கு அந்நிகழ்ச்சி அரண் செய்வதாகும்.

6. பெயர் பெறாதார்

நடுக்கோபுரத்தின் உட்சுவரில் பளிங்குப் பலகைகளில் விடுதலை வீரர்களின் பெயர்கள் மாநில வாரியாகப் பொறிக்கப்பட்டுள்ளன. அவற்றைப் படிக்குந்தோறும் நெஞ்சம் நெகிழ்தல் உண்மை. எனினும் இவ்வறைகளில் அடைபட்டோருள் பெரும்பகுதியினர் அரசியற் கைதிகள் அல்லர். களவு, கொலை, குடும்பப் பகை ஆகியவற்றால் தண்டனை பெற்ற எளியோர் அவர்கள். செக்கு அவர்க்கும் செக்கே. தூக்குமரம் அவர்க்கும் தூக்குமரமே. அவர் எழுதிய நூல் இல்லை. ஆதலின் அவர்க்கு வாழ்த்தும் இல்லை.

'நாட்டுக்காக உழன்றாரைப் போற்றுமிடத்தில் குற்றவாளியை எண்ணுவது முறையோ?' என ஒருவர் வினவலாம். அவ்வினா எளிதில் தள்ளத்தக்கதன்று. ஈகமும் குற்றமும் ஒன்றாகா. ஆனால் நாம் அவரைப் புகழ வேண்டுகிறோமல்லோம். இருந்தனர் எனக் குறிக்கவே வேண்டுகிறோம். திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று, தலைவனோடு நின்று கள்வரைக் கடித்துக் காத்த நாயினுடைய பெயரைக் 'கோவிவன்' எனப் பொறித்து வைத்தது. நாய்க்கும் பெயரெழுத மறவாத மரபில் வந்த நாம், அச்சிறையைத் தம் கையால் கட்டியவருடைய நினைவை ஒரு வரியிலேனும் குறிக்காது விடுதல் தகுமோ?

ஜப்பானியர் காலத்துத் துன்பமும் இவ்வாறே ஒதுங்கி நிற்கின்றது. பஞ்சாபிக் கவிஞரும் மருத்துவருமாகிய திவான் சிங் காலேபாணி, ஆங்கிலேயர் கட்டிய இச்சிறையிலேயே ஜப்பானியரால் வதைக்கப்பட்டு 1944 ஜனவரியில் உயிர் நீத்தார். அதே திங்கள் 30ஆம் நாள் ஹம்ப்ரிகஞ்சில் 44 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். ஆங்கிலேயர்க்கு எதிராக நின்ற கதையில் இவர்கள் எளிதில் பொருந்தாமையே, பார்வையாளர் பலர் இவர்களை அறியாதிருத்தற்குக் காரணம். இன்னும் பின்னோக்கிச் செல்லின், 1859இல் தம் மண்ணைக் காக்க வில்லேந்தி அபர்தீனில் பொருத பேரந்தமானியப் பழங்குடியினரைக் காண்போம். இன்று அவர் தொகை சில பத்துக்களே. அவர்க்குத் தனியே ஒரு நினைவுக்கல் ஊரினுள் உண்டு. சிறைக்கு வருவோருள் அதனைத் தேடிச் செல்வார் சிலரே.

ஆயினும் பெயர் பெறாதார் தமக்குத் தாமே ஒரு நினைவுச்சின்னம் எழுப்பிக்கொண்டனர். 1921ஆம் ஆண்டு மலபார்க் கிளர்ச்சிக்குப் பின் இங்கு அனுப்பப்பட்ட மாப்பிள்ளைமார் குடியேறிய ஊர்கள் கள்ளிக்கோட்டை, மஞ்சேரி, வண்டூர், திரூர் எனத் தாயகத்துப் பெயர்களையே தாங்கி நிற்கின்றன. எழுத்தறியாதார் எழுதிய தன்வரலாறு என இவ்வூர்ப்பெயர்களைக் கூறுதல் மிகையாகாது. பளிங்கிற் பொறித்த பெயரைப் படிக்கச் சிறைக்குள் செல்லவேண்டும். இப்பெயர்களோ பேருந்துப் பலகைகளிலும் பள்ளிக்கூட வாயில்களிலும் நாள்தோறும் வாழ்கின்றன. கைதிகளுடைய வழித்தோன்றல்கள் 'லோக்கல் பார்ன்' என்னும் பெயரோடு, குலமும் சமயமும் கலந்த ஒரு சமுதாயமாக இன்றும் அங்கு வாழ்கின்றனர். இச்சிறையின் மெய்யான தொடர்ச்சி அவர்களே.

7. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றான், செல்லுலார் சிறையில் கல் பகைவனுடையது, சொல்லே நம்முடையது என்பதும், அச்சொல் ஒற்றைக் குரலாகாமல் பல குரலாக அமைதலே அந்நினைவகத்தின் இயல்புக்குப் பொருந்துவது என்பதும் பெறப்பட்டன. 2014இல் இச்சிறை யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுக்கான தற்காலிகப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. உலகம் காணவிருக்கும் ஓரிடத்தில் நாம் எழுதிவைக்கும் சொல் எத்தகையது என ஆராய்தற்கு இதுவே காலம்.

அறைகளின் வெறுமை வெறுமையாகவே விடப்படுதல் நன்று. ஒலி ஒளிக் காட்சியில் சிறைநூல்களின் மாறுபட்ட குரல்கள் இடம்பெறுதல் நன்று. பளிங்குப் பலகைகளின் இறுதியில், பெயர் அறியப்படாத கைதிகளுக்கென எழுதாத ஒரு பலகையேனும் வைக்கப்படுதல் நன்று. இவை அரசு செய்யத்தக்கன. நம் துறையினர் செய்யத்தக்கதும் ஒன்று உண்டு. வங்கத்திலும் மராத்தியிலும் உள்ள சிறைநூல்களை மூலத்தினின்றும் தமிழாக்கி, அவற்றை வ. உ. சி.யின் செய்யுளோடு ஒருங்குவைத்து ஆராய முதுகலை மாணவர் முன்வருதல் வேண்டும். இடிந்த நான்கு சிறகுகளை இனி யாரும் எழுப்ப இயலாது. அவற்றுள் இருந்தவர் சொற்களையேனும் அழியாது காத்தல் நம்மால் இயலும்.